கரும்பு மெஷின் இல்ல பாஸ்... இது கியர் பம்ப்!

டிப்பர், டிராக்டர், பைக், மாம்பழக்கூழ் ஃபேக்டரி... எல்லாத்துக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிற பல்லுக்காரரைப் பத்தி ஒரு ஜாலி கிளாஸ்!

ஒரு பேப்பர், ஒரு பேனா எடுங்க. பக்கத்துப் பக்கத்துல, ஒண்ணை ஒண்ணு தொடுற மாதிரி ரெண்டு வட்டம் போடுங்க. சுத்தி பல்லு வரைங்க. ரெண்டையும் சேர்த்து ஒரு டப்பாவுக்குள்ள அடைங்க. இடது பக்கம் ஒரு ஓட்டை, வலது பக்கம் ஒரு ஓட்டை. அவ்வளவுதான், கியர் பம்ப் ரெடி!

இப்போ கேள்வி. ஒரு ஓட்டை வழியா உள்ளே வர்ற ஆயில், இன்னொரு ஓட்டைக்கு எந்த ரூட்ல போகும்?

"இதென்ன பெரிய விஷயம்? ரெண்டு கியருக்கும் நடுவுல நசுங்கிப் போகும்"னு சொன்னீங்களா? நீங்க தனியா இல்ல பாஸ். மெக்கானிக்கல் கிளாஸ்ல பாதிப் பேர் விரல் போறது நடுவுலதான். படத்தை மனப்பாடம் பண்ணி, பாகம் குறிச்சு, மார்க்கும் வாங்கிடுவோம். ஆனா அந்த அம்புக்குறி ஏன் வெளிப்பக்கமா வளைஞ்சு போகுதுன்னு வைவாவுல கேட்டா... கப்சிப்!

குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்து கரும்பு ஜூஸ் மெஷின்! சின்ன வயசுலேர்ந்து ரெண்டு உருளை சுத்தறதையும், நடுவுல கரும்பு போறதையும் பார்த்துப் பார்த்து மனசுல அப்படியே பதிஞ்சுபோச்சு. கியர் பம்ப் வேலை செய்யறது அதுக்கு நேர் எதிர்!

சுத்தறது ஒண்ணு, போற திசை வேற!

பேப்பரைப் பாருங்க. ஒரு கியர் மேலே, ஒரு கியர் கீழே இருக்கறதா வச்சுக்குவோம். ரெண்டும் சந்திக்கிற நடு இடத்துல பல்லெல்லாம் இடமிருந்து வலமா நகருது. இதே மாதிரி சுத்தற ஜூஸ் மெஷின்ல கரும்பை இடது பக்கம் நீட்டினா, வலது பக்கம் சக்கையா வரும். சரியா?

கியர் பம்ப்ல ஆயில் வலது பக்கம் உள்ளே போய், இடது பக்கம் வெளியே வரும்! அப்படியே தலைகீழ்.

எப்படி? வலது பக்கத்துல என்ன நடக்குதுன்னு கவனிங்க. அங்கேதான் ஒண்ணோட ஒண்ணு கோத்திருந்த பல்லுங்க பிரியுது. ஒரு பல்லு விலகினதும் அது இருந்த இடம் காலி. அந்தக் காலியிடத்துல அழுத்தம் குறையுது. உடனே ஆயில் அங்கே ஓடி வந்து நிரம்புது. அப்புறம் ஒவ்வொரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில இருக்கற பள்ளம் ஒரு குட்டி வாளி மாதிரி ஆயிலை ஏந்திக்கிட்டு, ஹவுசிங் சுவரை ஒட்டி வெளிப்பக்கமா அரைச்சுத்து சுத்திப் போகுது. மேல் கியர் மேலே சுத்தி, கீழ் கியர் கீழே சுத்தி. இடது பக்கம் வந்ததும் பல்லுங்க மறுபடி கோக்குது. பள்ளத்துக்குள்ள எதிர்க் கியரோட பல்லு வந்து உட்கார்ந்தா, உள்ளே இருந்த ஆயில் எங்கே போகும்? டெலிவரி வழியா வெளியேதான்!

நடுவுல கோத்துக்கிட்டு நிக்கிற பல்லுங்களோட வேலை, ஆயிலை வழி அனுப்பறது இல்ல. வெளியே போன ஆயில் திரும்பி வராம கதவைச் சாத்தறது.

உறிஞ்சறது பம்ப் இல்ல!

"பம்ப் ஆயிலை இழுக்குது"ன்னு பேச்சுவாக்குல சொல்றோம். உண்மையில பம்ப் இடத்தை மட்டும்தான் காலி பண்ணித் தருது. ஆயிலை உள்ளே தள்ளறது நம்ம தலைக்கு மேல இருக்கற காத்து! அந்தக் காத்தோட அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம்கூட எக்ஸ்ட்ரா கிடைக்காது.

அதனாலதான் நல்ல பம்ப் செட்டப்ல சக்‌ஷன் ஹோஸ் தடியா, குட்டையா இருக்கும். டெலிவரி ஹோஸ் அதைவிட ஒல்லியா, ஆனா கெட்டியா இருக்கும். பம்ப்பைக் கையில வாங்கினதும் எது சக்‌ஷன், எது டெலிவரின்னு குழப்பமா? பெரும்பாலும் பெரிய ஓட்டைதான் சக்‌ஷன். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே பட்டறையில உங்களுக்கு ஒரு மரியாதை!

கிணத்து மோட்டாரும் இதுவும் ஒண்ணா?

இல்லவே இல்ல. தோட்டத்துல தண்ணி இறைக்கிற மோட்டார் பம்ப் சென்ட்ரிஃப்யூகல் ரகம். இம்பெல்லர் சுத்தி தண்ணியை வீசுது. டெலிவரி வால்வை மூடிட்டு ஆன் பண்ணினாலும் கொஞ்ச நேரம் தண்ணியை உள்ளேயே கலக்கிக்கிட்டு இருக்கும். அழுத்தம் ஓரளவுக்கு மேல ஏறாது.

கியர் பம்ப் பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் ரகம். ஒரு சுத்துக்கு இத்தனை சிசின்னா, அதை வெளியே தள்ளியே தீரும். வழியை மூடினா அழுத்தம் ஏறும், ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும். ஹோஸ் வெடிக்கணும், ஷாஃப்ட் உடையணும், இல்லேன்னா இன்ஜின் நிக்கணும். இந்த விபரீதம் நடக்காம காப்பாத்தத்தான் ரிலீஃப் வால்வுன்னு ஒருத்தர் காவலுக்கு நிக்கிறார். செட் பண்ணின அழுத்தத்தைத் தாண்டினா வால்வு திறந்து, ஆயிலைத் திரும்ப டேங்குக்கே அனுப்பிடும்.

இதுல ஒரு சூப்பர் பாயின்ட். பம்ப் கொடுக்கறது ஓட்டத்தை மட்டும்தான். அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது லோடு. காலி டிப்பரைத் தூக்கினா குறைஞ்ச அழுத்தம், ஜல்லி நிரம்பின டிப்பரைத் தூக்கினா அதிக அழுத்தம். பம்ப் அதே பம்ப்தான்!

பாக்ஸ்: டிப்பர் கணக்கு!

பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல்தான். டிப்பர்ல இன்ஜின் சக்தியை பி.டி.ஓ. வழியா எடுத்து ஒரு கியர் பம்ப்பைச் சுத்த விடறாங்க. ஒரு உதாரணத்துக்கு:

* பம்ப் அளவு: ஒரு சுத்துக்கு 20 சிசி.
* வேகம்: நிமிஷத்துக்கு 1,500 சுத்து. அப்போ ஓட்டம் = 30,000 சிசி, அதாவது நிமிஷத்துக்கு 30 லிட்டர்.
* ஜாக்கியோட உள்விட்டம் 100 மில்லிமீட்டர்னா பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர்.
* அழுத்தம் 150 பார்னா தூக்கற பலம் சுமார் 12 டன்!
* ஜாக்கி 1 மீட்டர் நீள 30 லிட்டர் ஓட்டத்துக்குச் சுமார் 16 விநாடி ஆகும்.
* இதுக்குத் தேவையான சக்தி 7.5 கிலோவாட். அதாவது சுமார் 10 குதிரை.

உள்ளங்கை அளவு பம்ப்... 12 டன்! 'உருவு கண்டு எள்ளாமை வேண்டும்'னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

காலையில தூக்குது, மத்தியானம் மக்கர் பண்ணுது!

இது சினிமா வசனம் இல்ல. எங்க காவேரிப்பட்டினத்துல என்.ஹெச். 44 ஓரம் இருக்கற பட்டறைகள்ல அடிக்கடி கேக்கற புகார். (காவேரிப்பட்டினம்னதும் பூம்புகார் பக்கம் போயிடாதீங்க. அது காவிரிப்பூம்பட்டினம். நாங்க கிருஷ்ணகிரி மாவட்டம். பேர்ல காவேரி இருந்தாலும் ஊரை ஒட்டி ஓடறது தென்பெண்ணை!) கிரானைட், ஜல்லி, எம் சாண்ட், டிராக்டர் டிரெய்லர்னு ஹைட்ராலிக்ஸ் இல்லாம இந்தப் பக்கம் பொழுதே விடியாது.

"காலையில கிண்ணுனு தூக்குது. மத்தியானம் ஆனா அப்படியே நிக்குது"ன்னு வண்டி வரும். உடனே 'பம்ப் போச்சு'ன்னு புது பம்ப்புக்கு எஸ்டிமேட் ரெடி. வண்டி ஓனருக்கு அது ஆயிரக்கணக்குல செலவு. கடன்ல வண்டி எடுத்து ஓட்டறவருக்கு ஒரு மாசத் தவணையே தள்ளிப்போகும். ஆனா நிஜமாவே பம்ப் போச்சா? இதைக் கண்டுபிடிக்கத்தான் நம்ம படிப்பு.

மேட்டர் இதுதான். கியருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல, கியரோட பக்கவாட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல துளியூண்டு இடைவெளி இருக்கும். மைக்ரான் கணக்கு. 1 மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்குதான் 1 மைக்ரான். நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான். பம்ப் இடைவெளி அதைவிடக் குறைவு!

டெலிவரி பக்கம் அழுத்தத்துல இருக்கற ஆயில் இந்த இடைவெளி வழியா சக்‌ஷன் பக்கம் திருட்டுத்தனமா நழுவப் பார்க்கும். எவ்வளவு நழுவும்? இடைவெளியோட க்யூப் கணக்கு! இடைவெளி ரெண்டு மடங்கானா கசிவு ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு! புது பம்ப்ல 30 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் நழுவுதுன்னு வைங்க. தேய்ஞ்சு இடைவெளி டபுள் ஆனதும் 12 லிட்டர் போயிடும். மிச்சம் 18 லிட்டர்தான் ஜாக்கிக்கு.

இன்னொரு வில்லன், சூடு. ஆயில் சூடானா தண்ணியாட்டம் இளகும். 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில்னா 40 டிகிரி சூட்டுல அதோட பிசுபிசுப்பு 68. 100 டிகிரிக்குப் போனா சுமார் 9தான்! எவ்வளவுக்கெவ்வளவு இளகுதோ, அவ்வளவு கசிவு. தேய்ஞ்ச பம்ப் காலையில கெட்டி ஆயிலை வச்சு மானத்தைக் காப்பாத்திக்கும். மத்தியானம் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்!

அப்போ மத்தியானம் மக்கர்னாலே பம்ப்தான்னு முடிவு கட்டலாமா? ம்ஹூம், அவசரப்படாதீங்க. ஆயில் கம்மியா இருந்தா இருக்கற ஆயில் சீக்கிரமே சூடாகும். தப்பான கிரேடு ஆயில் ஊத்தியிருந்தாலும் இதே கதைதான். ரிலீஃப் வால்வு சரியா மூடாம ஒழுகினாலும் இதே அறிகுறிதான். ஜாக்கி சீல் போயிருந்தாலும் அப்படித்தான்!

பாக்ஸ்: பம்ப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி...

செலவு கம்மியான இடத்துலேர்ந்து ஆரம்பிங்க.

1. டேங்குல ஆயில் லெவல் பாருங்க. கிரேடு சரியான்னு கேளுங்க.

2. ஆயில் நுரைச்சு, பால் ஊத்தின டீ கலர்ல இருக்கா? காத்து உள்ளே போகுது. இல்லேன்னா தண்ணி கலந்திருக்கு. சக்‌ஷன் ஹோஸ் கிளாம்ப், ஷாஃப்ட் சீல் ரெண்டையும் பாருங்க. சக்‌ஷன்ல காத்து நுழையும், ஆனா ஆயில் சொட்டாது. அதனாலதான் இந்தக் கோளாறு கண்ணுக்கே தெரியாது.

3. நுரை இல்ல, ஆனா பம்ப்ல 'ஙீ...'ன்னு அலறல், உள்ளே கூழாங்கல் உருள்ற மாதிரி சத்தம். இது கேவிட்டேஷன். சக்‌ஷன் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், ஹோஸ் உள்பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கலாம். ஃபில்டரைக் கழுவினாலே சில வண்டி சரியாயிடும்!

4. ரிலீஃப் வால்வுல தூசு மாட்டியிருக்கான்னு பாருங்க. அதோட ஸ்க்ரூவை முறுக்கி அழுத்தத்தை ஏத்தற வேலை மட்டும் வேணாம். காவல்காரரையே கட்டிப்போடற கதை அது.

5. கடைசியாதான் பம்ப். அதே லோடு, அதே ஆர்.பி.எம்.ல ஜாக்கி நீள எத்தனை விநாடின்னு செல்போன் ஸ்டாப்வாட்ச்ல ஆயில் குளிர்ச்சியா இருக்கும்போது ஒரு தடவை, சூடானதும் ஒரு தடவை பாருங்க. முதல் நாலும் ஓகே, சூட்டுல மட்டும் நேரம் எகிறுதுன்னா பம்ப் மேல சந்தேகப்பட நியாயம் இருக்கு. ஃப்ளோ மீட்டர் வச்சிருக்கற பட்டறைன்னா இன்னும் துல்லியமா சொல்லிடுவாங்க.

புது பம்ப் மாட்டும்போது ரெண்டு விஷயம். வலது சுத்து, இடது சுத்துன்னு பம்ப் தனித்தனியா வரும். மாத்திப் போட்டா அழுத்தம் போய் ஷாஃப்ட் சீல்ல நிக்கும், சீல் பிச்சுக்கும். அப்புறம், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பம்ப்புக்குள்ள கொஞ்சம் ஆயில் ஊத்துங்க. காய்ஞ்ச பல்லு சுத்தினா சில நிமிஷத்துலேயே காலி.

ஃபேமிலி பெருசு!

இதுவரைக்கும் பார்த்தது எக்ஸ்டர்னல் கியர் பம்ப். ரெண்டு கியரும் வெளிப்பக்கம் பல்லோட இருக்கற ரகம். விலை கம்மி, உழைப்பு ஜாஸ்தி, 200 பாருக்கு மேலயும் தாங்கும். டிப்பர், டிராக்டர் லிஃப்ட், பொக்லைன்னு எங்கேயும் இவர்தான். சத்தம்தான் கொஞ்சம் ஓவர். பல்லைக் கொஞ்சம் சாய்வா வெட்டி ஹெலிகல் ஆக்கினா சத்தம் அடங்கும். ஆனா கியர் ஒரு பக்கமா தள்ள ஆரம்பிக்கும். அதைச் சமாளிக்க 'வி' வடிவத்துல ரெண்டு சாய்வையும் சேர்த்து வெட்டின ஹெரிங்போன் கியர் வந்துச்சு.

இவருக்குச் சொந்தக்காரங்க மூணு பேர். மூணு பேருக்கும் எங்க மாவட்டத்துல வேலை இருக்கு!

குவாரியில பொறந்தவர்

கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரியில மழைத்தண்ணி தேங்கி நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல அயோவா மாகாணத்துல சுண்ணாம்புக்கல் குவாரி வச்சிருந்த ஜென்ஸ் நீல்சனுக்கும் இதே தலைவலிதான். தண்ணியை வெளியேத்த ஒரு புது பம்ப் யோசிச்சார். கியருக்குள்ள கியர்! உள்பக்கம் பல்லு வெட்டின பெரிய வளையம். அதுக்குள்ள மையம் தள்ளி ஒரு சின்ன கியர். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற காலியிடத்துல பிறைநிலா வடிவத்துல ஒரு தடுப்பு. 1911ல இந்த பம்ப்பை வச்சே வைக்கிங் பம்ப் கம்பெனி ஆரம்பமாச்சு. இன்டர்னல் கியர் பம்ப்போட கதை இதுதான்.

இதுல பல்லுங்க நிதானமா பிரியும். அதனால கெட்டியான திரவம்கூட உள்ளே வந்து நிரம்ப அவகாசம் கிடைக்கும். பெயின்ட், பிசின், தார், உருக்கின சாக்லேட்... எல்லாம் இவர் டிபார்ட்மென்ட். தண்ணிக்காகப் பொறந்தவர் சாக்லேட்டுக்கு வாழ்க்கைப்பட்டுட்டார்!

பைக்குக்குள்ள இருக்கறவர்

அப்படியே ஹைவேயில ஓசூர் வரைக்கும் போவோம். 1980ல ஓசூர்லேர்ந்து வந்த டி.வி.எஸ். 50யைத் தெரியாத தமிழ் வீடு உண்டா? அது டூ ஸ்ட்ரோக். பங்க்குல பெட்ரோலோட 2டி ஆயில் கலந்து ஊத்தினா போதும், அதுவே இன்ஜினுக்குள்ள போய் வழவழப்பு கொடுத்துடும். ஆயில் பம்ப்புக்கு அங்கே வேலை இல்ல.

ஃபோர் ஸ்ட்ரோக் வந்ததும் கதை மாறிடுச்சு. ஆயில் தனியா கீழே தேங்கி நிக்குது. அதை எடுத்து கிராங்க், ஹெட்னு மேலே அனுப்ப ஒருத்தர் வேணும். நிறைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குல அந்த ஒருத்தர் ஜெரோட்டர். இதுவும் கியருக்குள்ள கியர்தான். ஆனா பிறைத் தடுப்பு கிடையாது. ட்ரிக் என்னன்னா, உள் கியர்ல இருக்கற பல்லைவிட வெளி வளையத்துல ஒண்ணே ஒண்ணு ஜாஸ்தி. உள்ளே 4னா வெளியே 5. அந்த ஒத்தைப் பல்லு வித்தியாசத்தால நடுவுல இருக்கற அறைங்க பெருசாகிப் பெருசாகி ஆயிலை வாங்கிக்கும். அப்புறம் சிறுசாகி வெளியே தள்ளும்.

தீப்பெட்டிக்குள்ள அடங்கற சைஸ்தான். ஆனா இவர் ஸ்ட்ரைக் பண்ணினா கிராங்க் காய்ஞ்சுபோய் இன்ஜின் சீஸ்! அதனால பைக்கை ஸ்டார்ட் பண்ணின உடனே 'வ்ர்ரூம்'னு முறுக்கி சீன் போடாதீங்க. ஆயில் மேலே போய்ச் சேர அவருக்குச் சில விநாடி டைம் கொடுங்க ப்ளீஸ்!

மாம்பழம் தள்றவர்

கிருஷ்ணகிரின்னா மாம்பழம். அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கற ஊராச்சே! சீசன்ல பெங்களூரா லோடு லோடா கூழ் ஃபேக்டரிக்குள்ள போகும். அந்தக் கூழை பைப்புல தள்ள சாதாரண கியர் பம்ப் வச்சா என்ன ஆகும்?

யோசிங்க. கியர் பம்ப்ல பல்லோட பல்லு உரசித்தான் ஒரு கியர் இன்னொரு கியரைச் சுத்த வைக்குது. நடுவுல ஆயில் படலம் இருக்கறதால தப்பிக்குது. மாங்கூழ் என்ன ஆயிலா? நாரும் புளிப்பும்தான். பல்லு தேயும், அந்த இரும்புத்தூள் நம்ம ஜூஸ்ல வரும். உவ்வே!

அதுக்குத்தான் லோப் பம்ப். பல்லுக்குப் பதிலா உருண்டையா ரெண்டு, மூணு இதழ். சங்குப்பூ மாதிரி வளைவு. ரெண்டு ரோட்டரும் ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது! தொடாம எப்படிச் சேர்ந்து சுத்தும்? வெளியே தனி ஆயில் பெட்டிக்குள்ள டைமிங் கியர் ரெண்டு இருக்கு. சுத்தற வேலையை அதுங்க பார்த்துக்கும். கூழ் இதழுக்கும் சுவருக்கும் நடுவுல பத்திரமா ரவுண்டு போய் வெளியே வரும். இங்கேயும் ரூட் வெளிப்பக்கம்தான், மறந்துடாதீங்க. கழட்டிக் கழுவவும் சுலபம். ஆனா இடைவெளி கொஞ்சம் ஜாஸ்திங்கறதால தண்ணி மாதிரி இளகினதைக் கொடுத்தா நழுவவிடும். கெட்டிக் கூழ்னா கில்லாடி!

இதே வடிவத்துல காத்தை ஊதற மெஷினுக்கு அமெரிக்காவுல ரூட்ஸ் சகோதரர்கள் 1860ல காப்புரிமை வாங்கினாங்க. 'ரூட்ஸ் புளோவர்'னு புக்குல படிக்கிறோமே, அது வேர் இல்ல பாஸ், ஆளுங்க பேரு!

கெப்ளர் டு பீன்யா

இந்த ஃபேமிலியோட தாத்தா யாரு தெரியுமா? கோளுங்க சூரியனை நீள்வட்டத்துல சுத்துதுன்னு சொன்ன அதே ஜோஹன்னஸ் கெப்ளர்! 1600களோட தொடக்கத்துல, சுரங்கத்துத் தண்ணியை வெளியேத்தறதுக்காக வால்வே இல்லாத ஒரு கியர் பம்ப்பை வடிவமைச்சார். வானத்துல சுத்தறதையும் யோசிச்சார், டப்பாவுக்குள்ள சுத்தறதையும் யோசிச்சார்!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்"னு ஒதுங்கிடாதீங்க. ஓசூரைத் தாண்டி பார்டர் கிராஸ் பண்ணினா பெங்களூரு பீன்யா. அங்கே இருக்கற டைனமேட்டிக் டெக்னாலஜீஸ் 1973ல ஆரம்பிச்ச கம்பெனி. டிராக்டருக்கான ஹைட்ராலிக் கியர் பம்ப்ல பெரிய கை. 2007ல இங்கிலாந்தோட ஸ்விண்டன் நகரத்துல இருந்த ஒரு கியர் பம்ப் ஃபேக்டரியையே வாங்கிட்டாங்க. நம்ம பக்கத்து ஊர் கம்பெனி, இங்கிலீஷ்காரங்க ஊர்ல போய் பம்ப் தயாரிக்குது!

ஏன் சொல்றேன்னா, ஓசூர், பெங்களூரு ரெண்டும் நமக்கு பஸ் தூரம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., இன்ஜினீயரிங் எது முடிச்சாலும் இன்டர்வியூவுக்கு அந்த பஸ்தான் ஏறப்போறோம். அங்கே படம் வரையச் சொல்ல மாட்டாங்க. 'சூடானா ஏன் தூக்கல?'ன்னு கேப்பாங்க.

பாக்ஸ்: இது ஜாலி இல்ல, சீரியஸ்!

* தூக்கின டிப்பர் பாடிக்குக் கீழே முட்டு கொடுக்காம யாரும் நுழையக் கூடாது. ஹோஸ் ஒண்ணு பிய்ஞ்சா பாடி சரசரன்னு இறங்கிடும். கத்தறதுக்குக்கூட நேரம் இருக்காது. 'ரெண்டு நிமிஷ வேலைதானே'ங்கற பேச்சே வேணாம்.

* ஹோஸ்ல எங்கே கசியுதுன்னு விரலால தடவிப் பார்க்காதீங்க. 150 பார் அழுத்தத்துல ஊசி முனை ஓட்டையிலேர்ந்து வர்ற ஆயில், தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். கையுறைகூட காப்பாத்தாது. ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க.

* அப்படி யாருக்காவது பட்டுட்டா, வெளியே எறும்பு கடிச்ச மாதிரிதான் தெரியும். வலிகூட முதல்ல இருக்காது. ஆனா உள்ளே சதை அழுகும், விரலே போகலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரி. 'அதிக அழுத்தத்துல ஆயில் உள்ளே ஏறிடுச்சு'ன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும். நாளைக்குப் பார்க்கலாம்கற கதை ஆகாது.

இந்த வார ஹோம் ஒர்க்!

பழைய இரும்புக் கடைக்குப் போங்க. செத்துப்போன கியர் பம்ப் ஒண்ணு எடைக்கு எடை கிடைக்கும். ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து ஷேர் போட்டு வாங்குங்க. போல்ட்டைக் கழட்டினா ரெண்டே ரெண்டு கியர், கொஞ்சம் புஷ், கொஞ்சம் சீல். இவ்வளவுதானான்னு தோணும்.

கியரை வெளியே எடுத்துட்டு ஹவுசிங் உள்சுவரை வெளிச்சத்துல பாருங்க. ஒரு பக்கம் பளபளப்பா இருக்கும். இன்னொரு பக்கம் பல்லு சுரண்டின தடம் இருக்கும். தடம் இருக்கறது பெரிய ஓட்டை பக்கமா, சின்ன ஓட்டை பக்கமா?

பெரும்பாலும் பெரிய ஓட்டை பக்கம், அதாவது சக்‌ஷன் பக்கம்! அழுத்தம் இருக்கற டெலிவரி பக்கம்தானே தேயணும்னு தோணுதா? டெலிவரி பக்கத்து அழுத்தம் ரெண்டு கியரையும் நாள் முழுக்க எதிர்ப்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கு. கியர் போய் சக்‌ஷன் பக்கச் சுவர்ல சாயுது. புது பம்ப்ல லேசா தடம் விழறது சகஜம். நகத்தை வச்சா மாட்டற அளவுக்குப் பள்ளம்னா ஓவர் லோடுல ரொம்ப நாள் உழைச்சிருக்கு, இல்லேன்னா புஷ் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். வட்ட வட்டமா கீறல் நிறைய இருந்தா ஆயில்ல மண்ணு. நீல நிறம் ஏறியிருந்தா ஆயில் இல்லாம சூடேறிச் செத்திருக்கு.

அந்தத் தடத்தைப் படிச்சு, 'இந்த பம்ப் எதனால செத்துச்சு?'ன்னு நாலு பேரும் தனித்தனியா ஒரு பேப்பர்ல எழுதுங்க. அப்புறம் உங்க ஊர் பட்டறை அண்ணன்கிட்ட காட்டி மார்க் போடச் சொல்லுங்க. யுனிவர்சிட்டி மாதிரி இல்ல, அங்கே ரீவேல்யுவேஷன் கிடையாது!